டிரிப் ஆகாம பண்ணிக் குடுங்க!

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் எலக்ட்ரீசியன் இல்லை. பி.காம். படிக்கும் ஒரு அப்பாவி. ஒயரிங் செய்யவெல்லாம் சொல்லித்தரப் போவதில்லை. காசு கொடுக்கிற பக்கத்தில் நின்றுகொண்டு, காசு கொடுக்கிறவர்களைத் திட்டப் போகிறேன். பி.பி. உள்ளவர்கள் இப்போதே ஜூட் விடலாம்.

எலக்ட்ரீசியன் என்று பேச்செடுத்தால் போதும், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு புகார்ப் புராணம் ஓடும். "இதோ வந்துட்டேன்"னு சொல்லிட்டு ரெண்டு நாள் போனை எடுக்க மாட்டார். வந்தால் அஞ்சு நிமிஷ வேலைக்கு ஐந்நூறு கேட்பார். ஃபேனைச் சரி பண்ணிவிட்டுப் போனால் டியூப் லைட் எரியாது. கடைக்காரரிடம் கமிஷன் வேறு. இதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு புகார் சொல்கிற அதே வீட்டுக்காரர், அந்த மனிதர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே (செருப்புக்குப் பிறகு வருகிறேன்) என்ன வேலை சொல்கிறார் என்று ஒரு நாள் காது கொடுத்துக் கேளுங்கள்.

"தம்பி, அடிக்கடி டிரிப் ஆவுதுப்பா. டிரிப் ஆகாம பண்ணிக் குடுத்துடு."

என் சண்டை முழுக்க இந்த ஒரு வாக்கியத்தோடுதான்.

ஏன் டிரிப் ஆகிறது என்று பார் என்று யாரும் சொல்வதில்லை. ராத்திரி வாசலில் நாய் விடாமல் குரைக்கிறது. எழுந்து லைட்டைப் போட்டு யார் வந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டாமா? நாம் என்ன செய்கிறோம்? நாயை அடித்துத் துரத்த ஆள் கூப்பிட்டு, கூலியும் கொடுத்து, "இனிமே நிம்மதியாத் தூங்கலாம்" என்கிறோம்.

அவரும் கேட்டதைச் செய்துவிட்டுப் போகிறார். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுகிறதா, கழற்றிவிட்டு 32 மாட்டு. பழைய வீட்டில் பீஸ் போகிறதா, பீஸ் கட்டையில் நாலு இழை காப்பர் கம்பியை முறுக்கிச் சுற்று. மழை பெய்தால் ஆர்.சி.சி.பி. விழுகிறதா, அதைப் பைபாஸ் பண்ணி நேராகக் கொடு. பத்து நிமிஷம். வீட்டுக்காரருக்கு மகா சந்தோஷம். "கெட்டிக்காரப் பையன், நம்பரை வாங்கி வெச்சுக்கோ" என்று பக்கத்து வீட்டுக்கும் சிபாரிசு.

இந்த மூன்றும் என்ன செய்கின்றன என்று கொஞ்சம் பார்ப்போம். ப்ளஸ் டூவில் பிசிக்ஸ் படிக்காத என் காமர்ஸ் மக்களும் பயப்பட வேண்டாம், வகுத்தல் கணக்குதான்.

எம்.சி.பி. என்பது உங்களைக் காப்பாற்ற வைத்தது அல்ல. சுவருக்குள் ஓடுகிற ஒயரைக் காப்பாற்ற வைத்தது. 2.5 சதுர மி.மீ. காப்பர் ஒயர் சுவருக்குள் பைப்பில் போகும்போது தோராயமாக 20 ஆம்பியர் பக்கம் தாங்கும். அதற்கு மேல் போனால் சூடாகும், மேல்தோல் இளகும், பற்றிக்கொள்ளும். அதற்கு முன்னால் விழுந்து சுற்றைத் துண்டிப்பதுதான் 16 ஆம்பியர் எம்.சி.பி.யின் வேலை. அங்கே 32 மாட்டினால், 25 ஆம்பியர் போனாலும் எம்.சி.பி. சும்மா இருக்கும். ஒயர் சும்மா இருக்காது. பீஸ் கட்டையில் தடிக் கம்பி சுற்றுவதும் இதே கதைதான். உருகவேண்டிய கம்பி உருகாவிட்டால் வேறு எங்கோ ஏதோ உருகும்.

இப்போது நம் உடம்புக்கு வருவோம். வீட்டுக்கு வருவது 230 வோல்ட். மனித உடம்பின் மின்தடை தோராயமாக 1,000 முதல் 2,000 ஓம், ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு. நடுவில் 1,500 என்று வைத்து வகுத்தால் 0.15 ஆம்பியர் சொச்சம், அதாவது சுமார் 150 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் கொஞ்ச நேரம் உடம்பு வழியே போனாலே இதயம் தாளம் தப்பலாம். 150 என்பது அதைப்போல ஐந்து மடங்கு. ஆனால் நம் வீட்டின் ஆகச்சிறிய 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இந்த 0.15 ஆம்பியர் ஒரு கொசுக்கடி. ஒரு ஆள் கம்பியைப் பிடித்தபடி துடித்துக்கொண்டிருப்பார், அது பாட்டுக்கு நிமிர்ந்து நிற்கும். "எங்க வீட்ல எல்லாம் எம்.சி.பி. போட்டிருக்கு, பயமே இல்ல" என்கிறவர்கள் இந்தப் பத்தியை மறுபடி ஒரு தடவை படிக்கவும்.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். டெபிட்டும் கிரெடிட்டும் டாலி ஆகவேண்டும், அவ்வளவுதான். (இதைவிட காமர்ஸான சமாச்சாரம் உண்டா சொல்லுங்கள்.) டாலி ஆகவில்லையென்றால் நடுவில் யார் வழியாகவோ, எதன் வழியாகவோ பூமிக்குப் போகிறது என்று அர்த்தம். வீட்டுக்குப் போடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., 150 மில்லி ஆம்பியர் கசிந்தால் 0.04 நொடிக்குள் துண்டிக்க வேண்டும் என்பது தர விதி. கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை. ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால் மட்டும் அதனாலும் காப்பாற்ற முடியாது, கணக்கு டாலி ஆகிவிடுமே.

இதில் நம் நாளிதழ்களுக்கும் பங்கு உண்டு. எங்கே தீப்பிடித்தாலும் "மின்கசிவு காரணமாக" என்று ஒரே அச்சில் எழுதுவார்கள். ஒயர் உருகியதா, ஃபேஸும் நியூட்ரலும் உரசியதா, ஜாயின்ட் லூஸா, எல்லாமே மின்கசிவுதான். ஷார்ட் சர்க்யூட் வேறு, ஓவர்லோடு வேறு, கசிவு வேறு. மூன்றுக்கும் மூன்று மருந்து. பெயரையே ஒன்றாக்கிவிட்டால் கடையில் போய் எந்த மருந்தைக் கேட்பது?

சரி, மழை பெய்தால் ஆர்.சி.சி.பி. விழுகிறது. ஏன்? காம்பவுண்ட் சுவர் பல்பு ஹோல்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். மோட்டார் ஒயர் தோல் உரிந்திருக்கலாம். ஈரச் சுவருக்குள் ஒரு ஜாயின்ட் இருக்கலாம். இன்வெர்ட்டர் இருக்கிற வீடு என்றால் இன்னொரு சந்தேகமும் உண்டு. 2008 தொடங்கி நாலைந்து வருஷம் தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் கரண்ட் கட் ஆன காலத்தில், பழைய ஒயரிங்கில் அவசர அவசரமாக இன்வெர்ட்டரை நுழைத்தோம். அப்போது நியூட்ரல்களை ஒன்றோடொன்று கலந்து கட்டியிருந்தால், மழையே இல்லாமலும் கணக்கு டாலி ஆகாமல் விழும்.

இதில் எது என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றாக நிறுத்தி, ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கி, மெகர் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரமோ அரை நாளோ ஆகும். கண்டுபிடித்த பிறகு மாற்றுகிற சாமான் நாற்பது ரூபாய் ஹோல்டராக இருக்கும். நாற்பது ரூபாய் ஹோல்டருக்கு எந்த வீட்டுக்காரராவது எண்ணூறு ரூபாய் கூலி கொடுப்பாரா? "ஹோல்டர் மாத்தினதுக்கு எண்ணூறா? பகல் கொள்ளையா இருக்கே!" என்பார். அதே ஆள் எதையும் தேடாமல் பைபாஸ் பண்ணிவிட்டு முந்நூறு கேட்டால் சிரித்த முகத்தோடு எடுத்துக் கொடுப்பார். கண்டுபிடிப்பதற்குக் கூலி கிடையாது, மாட்டுவதற்கு மட்டும்தான் கூலி. அப்படியானால் எந்த மடையன் உட்கார்ந்து கண்டுபிடிப்பான்?

எங்கள் பாடத்தோடு ஒட்டிய ஒரு பெரியவர் இருக்கிறார், ஜார்ஜ் அகர்லாஃப். 1970இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, 2001இல் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்டவர். ஓட்டை உடைசல் காருக்கு அமெரிக்காவில் லெமன் என்று பெயர். (நம்மூரில் எலுமிச்சம்பழத்தைக் காருக்கு அடியில் வைப்போம், அங்கே காரே எலுமிச்சம்பழம்.) அவர் சொன்னது இவ்வளவுதான்: வாங்குகிறவனுக்கு நல்லதும் கெட்டதும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் எல்லாவற்றுக்கும் சராசரி விலைதான் கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல சரக்கு வைத்திருப்பவனுக்குக் கட்டாது, அவன் சந்தையை விட்டுப் போய்விடுவான். மிஞ்சுவது லெமன்.

காரை எடுத்துவிட்டு எலக்ட்ரீசியனைப் போட்டுப் பாருங்கள். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் எலக்ட்ரீசியன் டிரேடு படித்து, மெகர் பிடிக்கத் தெரிந்த ஆள் கம்பெனிக்கோ காண்ட்ராக்டுக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிறார். நம் தெருவுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் நம் தெருவின் விலைக்குக் கட்டுப்படியாகிறவர். தெருவிலேயே இருந்துகொண்டு நியாயமாகவும் வேலை செய்கிற நாலு பேரை நாம்தான் பேரம் பேசி விரட்டிக்கொண்டிருக்கிறோம்.

"அஞ்சு நிமிஷத்துக்கு ஐந்நூறா" என்பதற்கும் காஸ்ட் அக்கவுண்டிங் போட்டுப் பார்த்துவிடலாம். நம் வீட்டுக்கு வர அரை மணி, போக அரை மணி, பெட்ரோல் அவருடையது. டெஸ்டர், டிரில், மீட்டர், ஏணி அவருடையது. நாலு வீட்டுக்குப் போனால் ஒரு வீட்டில் "ஐயா இல்ல, சாயங்காலம் வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். வேலையில்லாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. பி.எஃப்., இன்சூரன்ஸ் பேச்சே இல்லை. அந்த ஐந்நூறில் இதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்லுங்கள். டாக்டர் மூன்று நிமிஷம் பார்த்து ஐந்நூறு வாங்கினால் "கைராசிக்காரர்" என்கிறோம். அங்கே நாம் கொடுப்பது நோய் என்னவென்று கண்டுபிடித்ததற்கான காசு என்று நமக்கு நன்றாகவே தெரிகிறது.

இப்போது செருப்பு.

வாஷிங் மெஷினைத் தொட்டால் லேசாக 'சுர்'ரென்கிற வீடுகள் எத்தனை! அந்த வீட்டிலெல்லாம் மெஷின் பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். "செருப்பைப் போட்டுட்டுத் தொடுடா" என்பது குடும்ப விதி. சுர்ரென்பதற்குக் காரணம் அநேகமாக எர்த் வேலை செய்யாததுதான். எர்த் எங்கே போயிருக்கும்? மூன்று பின் பிளக் இரண்டு ஓட்டை சாக்கெட்டில் நுழையவில்லை என்று தடித்த பின்னை வெட்டியிருப்போம். அல்லது வீடு கட்டும்போது எர்த் குழி தோண்டக் காசு மிச்சம் பிடித்திருப்போம். இன்னும் பயங்கரமானது ஒன்று உண்டு. எர்த் ஒயரே இழுக்காமல், சாக்கெட்டுக்குள் நியூட்ரலிலிருந்து எர்த் முனைக்குச் சின்னதாக ஒரு ஜம்பர் போட்டு விட்டிருப்பார்கள். எல்லாம் நன்றாகவே ஓடும். என்றைக்காவது பின்னால் நியூட்ரல் விட்டுப்போனால், மெஷினின் மோட்டார் வழியாகவே வந்து வெளித்தகடு முழுக்க ஃபேஸ் நிற்கும். ஆர்.சி.சி.பி. இருந்தால், அந்தத் தகட்டிலிருந்து கரண்ட் பூமிக்குக் கசியும்போது டிரிப் ஆகும். ஆகவே அதையும்... ஆமாம், "டிரிப் ஆகாம பண்ணிக் குடுத்துடு".

மெஷினைத் தொட செருப்புப் போடுகிற இதே நாம்தான், எலக்ட்ரீசியனைச் செருப்பை வாசலில் கழற்றச் சொல்லி, மொசைக் தரையில் வெறுங்காலோடு நிற்கவைத்து வேலை வாங்குகிறோம். "மெயினை ஆஃப் பண்ணவா மேடம்?" என்று அவர் கேட்டால், "ஐயோ வேணாம்பா, உள்ள பையன் ஆபீஸ் மீட்டிங்ல இருக்கான், அப்படியே பாத்துச் செஞ்சுடு" என்கிறோம். இரும்பு நாற்காலி மேல் ஏறி நிற்கிறார் பாருங்கள், அவருக்கும் அந்த 1,500 ஓம்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021, 2022 கணக்குகளைப் பார்த்தால் இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். அதில் வயலும் உண்டு, அறுந்த கம்பியும் உண்டு, வீடு மட்டும் இல்லை. ஆனாலும் ஒரு மீட்டிங்குக்காக அந்த எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்ட நமக்கு என்ன உரிமை?

இன்னும் சிலர் ஒரு படி மேலே. தெருவில் ஒரு ஃபேஸ் போய்விட்டால், "ஈ.பி.காரங்க வர லேட்டாகும், நீயே போஸ்ட்ல ஏறிப் பாத்துடேன், நூறு ரூபா சேத்துத் தர்றேன்" என்பார்கள். மீட்டருக்கு முன்னால் இருப்பது மின்வாரியத்தின் சொத்து, அவர்கள் வேலை. 2021இலிருந்து மின்னகம் இருக்கிறது, 94987 94987, இருபத்துநாலு மணி நேரமும். அதில் கூப்பிட்டுவிட்டுக் கொசு கடித்தால் கடிக்கட்டும் என்று உட்காருங்கள்.

சரி, யாரைக் கூப்பிடுவது? தமிழ்நாட்டில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று நடக்கிறது. குறைந்தது ஐந்து வருஷம் ஒயரிங் வேலை அனுபவமும் 21 வயதும் இருந்தால்தான் எழுத முடியும். அதற்கு மேல் ஒயர்மேன், சூப்பர்வைசர் சான்றிதழ்கள், காண்ட்ராக்டர் உரிமம் எல்லாம் மின் உரிமம் வழங்கும் வாரியம் தருகிறது. அதாவது உங்கள் வீட்டு பல்ப் ஹோல்டருக்குப் பின்னால் ஒரு சட்டம், ஒரு பரீட்சை, ஒரு அட்டை இருக்கிறது. "லைசென்ஸ் இருக்காண்ணே?" என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? புது வீட்டு இணைப்புக்கு டெஸ்ட் ரிப்போர்ட்டில் உரிமம் உள்ள ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பாரே, அவர் வீட்டுப் பக்கம் வந்தாரா என்று எந்த ஹவுஸ் ஓனராவது கேட்டதுண்டா? மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளில் (2010இல் வந்தது, 2023இல் புதுப்பித்தார்கள்) கசிவுத் தடுப்புக் கருவியைப் பற்றித் தனி விதியே இருக்கிறது. வாசல் கதவுக்கு வாஸ்து பார்க்கிற நாம் இதைப் பார்த்தோமா?

"ஆப்ல புக் பண்ணிட்டாப் போச்சு" என்கிற கோஷ்டிக்கு: ஆப் வழியாக வருகிறவரிடமும் நீங்கள் சொல்லப்போவது அதே வாக்கியம்தானே. ஸ்டார் ரேட்டிங்கும் சீக்கிரம் முடித்ததற்குத்தான் போடுவீர்கள், மெகர் வைத்துப் பார்த்ததற்கா?

"எதுக்கு இன்னொருத்தன், யூடியூப் பாத்து நாமளே பண்ணிடலாம்" என்கிற வீரர்களுக்கு: முப்பது ரூபாய் நியான் டெஸ்டர் உங்கள் உடம்பு வழியாகத்தான் எரிகிறது. அது எரிந்தால் ஃபேஸ் இருக்கிறது என்று தெரியும். எரியாவிட்டால் இல்லை என்று சத்தியம் பண்ண முடியாது, டெஸ்டரே செத்திருக்கலாம். நியூட்ரல் ஒழுங்காக இருக்கிறதா, எர்த் இருக்கிறதா என்று அதற்குத் தெரியவே தெரியாது. வேலையைப் புரிந்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன், போர்டைக் கழற்றுங்கள் என்று சொல்லவில்லை. பல்ப் மாற்றுங்கள், மெயினை நிறுத்தத் தெரிந்துகொள்ளுங்கள், அதோடு சரி.

ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற நம் பசங்களுக்குத் தனி அர்ச்சனை. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 1,500 வாட் கெட்டில், 1,000 வாட் அயர்ன் பாக்ஸ். மொத்தம் 4,500 வாட். 230ஆல் வகுத்தால் சுமார் 19.6 ஆம்பியர். அந்த பாக்ஸ் செருகியிருப்பது 6 ஆம்பியர் சாக்கெட்டில். காலை எட்டரைக்கு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மேகியும் வேண்டும், இஸ்திரியும் வேண்டும். டிரிப் ஆகிறது. உடனே ஹவுஸ் ஓனருக்குப் போன் போட்டு, "அங்கிள், கரண்ட் நிக்க மாட்டேங்குது, ஆள் அனுப்பி டிரிப் ஆகாம பண்ணிக் குடுங்க." அவரும் அனுப்புகிறார். 32 வருகிறது. நாலு பேர் அந்த ஒயரோடு படுத்துத் தூங்குகிறோம்.

அடுத்த தடவை ஆள் கூப்பிடும்போது "ஏன் விழுதுன்னு பாத்துச் சொல்லுங்கண்ணே, பாக்கறதுக்குத் தனியா காசு தர்றேன்" என்று ஆரம்பியுங்கள். காசு எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள், பிறகு பேரம் வேண்டாம். மெயினை நீங்களே ஆஃப் பண்ணுங்கள், மீட்டிங் காத்திருக்கட்டும். செருப்போடு உள்ளே வரச் சொல்லுங்கள், தரையைத் துடைத்துக்கொள்ளலாம். எம்.சி.பி. மாற்றப் போகிறேன் என்றால், உள்ளே ஓடுகிற ஒயர் எத்தனை சதுர மி.மீ. என்று கேளுங்கள். ஒயரைப் பார்க்காமல் பெரிய எம்.சி.பி. மாட்டுகிறேன் என்கிறவரை டீ கொடுத்து அனுப்பிவிடலாம். சாமானுக்குக் கடை பில் வாங்குங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். கூலிக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வாங்குங்கள். காசு கொடுத்து வாங்குகிற சேவைக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உண்டு. ஆனால் சீட்டே இல்லாமல் எதைக் காட்டி முறையிடுவீர்கள்?

கடைசியாக, உங்கள் வீட்டு மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருந்தால் அதில் டெஸ்ட் என்றோ அதன் முதல் எழுத்தோ போட்டு ஒரு குட்டிப் பொத்தான் இருக்கும். கரண்ட் இருக்கும்போது அதை அமுக்கினால் டப்பென்று விழ வேண்டும். மாதம் ஒரு தடவை அமுக்கிப் பார்க்க வேண்டியது. விழாவிட்டால் அது செத்துவிட்டது, அல்லது யாரோ பைபாஸ் பண்ணிவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பெட்டியே இல்லையென்றால், கம்பெனியைப் பொறுத்து இரண்டாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும், கூலி தனி. இப்போதே போய் அமுக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள். யாராவது கம்ப்யூட்டரில் அசைன்மென்ட் டைப் பண்ணிக்கொண்டிருந்தால் சேவ் பண்ணச் சொல்லிவிட்டு அமுக்கவும் :-)